என் கட்சி ஃபாரடே

நேற்று பைக்காராவிலிருந்து ஊட்டி திரும்பும் வழியெல்லாம் அண்ணனுக்கும் எனக்கும் வாக்குவாதம். இயற்பியலில் யார் பெரியவர்?

அண்ணனுக்கு நியூட்டன்தான். விழும் பழத்தையும் சுற்றும் நிலவையும் ஒரே விதியில் கட்டியவரை யார் மறுப்பது? ஐன்ஸ்டீனும் அப்படியே. ஆனால் என் மனம் போய் நிற்பது மைக்கேல் ஃபாரடேயிடம்.

கொல்லர் மகன். புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர். கட்ட வந்த நூல்களைப் படித்தே அறிவியல் கற்றார். உயர்கணிதம் தெரியாது. 1831-இல் கம்பிச்சுருளுக்குள் காந்தத்தை நுழைத்து எடுத்தார். காந்தம் நகரும்போது மட்டும் மின்சாரம் பிறந்தது; நின்றால் இல்லை. அந்த 'மட்டும்' என்பதைக் கண்டுகொண்ட கண்ணைத்தான் நான் கொண்டாடுகிறேன். நூறு ஆண்டு கழித்து, 1930-களில், பைக்காரா ஆற்றுத் தண்ணீர் குழாயில் இறங்கி டர்பைனைச் சுழற்ற, கோவை ஆலைகளுக்கு மின்சாரம் போனதும் இதே விதியால்தான்.

"ஊட்டி பக்கத்தில் முத்தோரையில் 530 மீட்டர் நீளத்துக்கு ரேடியோ தொலைநோக்கி நிற்கிறதே, அது பிடிக்கும் அலைகளை முன்கூட்டியே சொன்னவர் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் அல்லவா?" என்று அண்ணன் மடக்கினார். உண்மை. ஆனால் காந்தத்தைச் சுற்றி அதன் விசை பரவும் பாதைகளாக ஃபாரடே மனக்கண்ணில் கண்ட விசைக்கோடுகளைத்தான் மேக்ஸ்வெல் கணிதமாக்கினார். அதை அவரே மனம் திறந்து சொல்லியிருக்கிறார். எவ்வளவு பெருந்தன்மை!

வீட்டுக்கு வந்ததும் பழைய சைக்கிளின் டைனமோவைத் திறந்து மகளுக்குக் காட்டினேன். உள்ளே ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள், அவ்வளவுதான். திரும்ப மாட்டிக் கொடுத்ததும் அவளே சக்கரத்தைச் சுற்றினாள். பல்பு எரிந்தது.