பெயர் கேட்காமலே ஆள் தெரிந்தபோது

இரவுப் பணி பார்ப்பவர்களின் தூக்கத்தைப் பற்றி இணையத்தில் ஒரு கருத்தாய்வு நடத்தினேன். கேள்விகளை எழுத பத்து நாள் போதுமாக இருந்தது. ஆய்வில் பங்கேற்பவர்களுக்குப் பாதிப்பு வராமல் பார்த்துக்கொள்ளும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்க நான்கு மாதம் ஆனது. இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள்.

முதல் முறை திரும்பியதற்குக் காரணம் ஒரே ஒரு வரி. பங்கேற்பவர்கள் சம்மதம் தரும் ஒப்புதல் பக்கத்தில் 'உங்கள் பதில்களை வைத்து உங்களை யாரும் அடையாளம் காண முடியாது' என்று எழுதியிருந்தேன். பெயரோ கைபேசி எண்ணோ கேட்கவில்லையே என்ற தைரியம்தான். 'நீங்கள் கேட்காவிட்டாலும் கருத்தாய்வுத் தளம் தானாக எதையெல்லாம் சேமிக்கிறது?' என்று குழு கேட்டது. நானே சோதனைக்காக நிரப்பிய பதிலைத் திறந்து பார்த்தேன். ஐபி முகவரி (இணைய இணைப்பின் எண்), அதை வைத்துக் கணித்த உத்தேச இருப்பிடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம் எல்லாம் வரிசையாக இருந்தன. இவற்றைச் சேமிக்க வேண்டாம் என்று சொல்லும் வசதி எங்கோ உள் மெனுவில் இருந்தது. ஒரு டிக் போடும் வேலைதான், ஆனால் தேடிப் போனால்தான் கண்ணில் படும்.

அப்புறம் பரிசுக் குலுக்கல். கடைசிக் கேள்வியாக மின்னஞ்சல் முகவரி கேட்டிருந்தேன். அதைத் தனிப் படிவமாகப் பிரித்தேன். பிரித்துவிட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். இரண்டு எக்செல் கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் புரிந்தது: இங்கே 10:42-க்கு ஒருவர் முடிக்கிறார், அங்கே 10:43-க்கு ஒரு மின்னஞ்சல் வந்து நிற்கிறது. நேரமே காட்டிக்கொடுத்துவிடுகிறது. இரண்டிலும் நேரத்தை நீக்கி, வரிசையையும் கலைத்துப் போட்டேன்.

இவ்வளவையும் சரிசெய்து, குழுவின் சம்மதத்தோடு 23 பேரிடம் முன்னோட்டம் நடத்தினேன். பதில்களைப் படித்துக்கொண்டே வந்தவன் ஒரு வரியில் நின்றுவிட்டேன். வயது, பாலினம், பிரிவு, பணி அனுபவம் ஆகிய நான்கும் சேர்ந்தால் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவருக்குத்தான் பொருந்தும். 'வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால்' என்ற பெட்டியில் தூக்க மாத்திரையைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தார். (இங்கேயும் விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) மறுநாள் அவரே வந்து, 'கேள்வியெல்லாம் நல்லா இருந்துச்சு' என்றார். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியாது.

தரவுத் தனியுரிமை ஆய்வாளர் லடான்யா ஸ்வீனி 2000-இல் வெளியிட்ட கணக்கை அதற்கு முன்பே படித்திருக்கிறேன். பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு மூன்றும் சேர்ந்தால் அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்புண்டு என்பது அவர் மதிப்பீடு. பாடமாகப் படித்தபோது அது வெறும் எண். 23 வரிகள் கொண்ட ஒரு தாளில் தெரிந்த ஆளைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. வயதைப் பத்தாண்டு இடைவெளியாக்கினேன், பிரிவைக் கேட்பதையே விட்டுவிட்டேன். வயது, பாலினம் போன்ற விவரங்களின் எந்தச் சேர்க்கையிலும் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் அட்டவணையில் காட்டுவதில்லை என்று முடிவெடுத்தேன். ஒப்புதல் பக்கத்தில் அந்தப் பழைய வரி போய், 'பெயர், இடம், அலுவலகம் எதையும் பெட்டியில் எழுத வேண்டாம்' என்ற வேண்டுகோள் வந்தது.

இரண்டாவது முறை திருப்பியது விலகும் உரிமைக்காக. 'எப்போது வேண்டுமானாலும் விலகலாம்' என்று எழுதியிருந்தேன். யாருடைய பதில் எது என்றே தெரியாதபோது, ஒருவர் வந்து 'என்னுடையதை எடுத்துவிடுங்கள்' என்றால் எதை எடுப்பேன்? தாயார் பெயரின் முதல் இரண்டு எழுத்தையும் பிறந்த நாளையும் சேர்த்து ஒரு குறியீடு வைக்கலாம் என்றேன். அதுவும் அடையாளம்தானே என்றார்கள். சரிதான். கடைசியில் உள்ளதை உள்ளபடியே எழுதினேன்: 'சமர்ப்பிக்கும் வரை விலகலாம். பக்கத்தை மூடினால் விலகியதாகக் கொண்டு பதில்களை அழித்துவிடுவோம். சமர்ப்பித்த பிறகு உங்கள் பதிலைத் தேடி எடுக்க எங்களால் முடியாது.' ஒவ்வொரு கேள்விக்கும் 'சொல்ல விரும்பவில்லை' என்ற விடையைச் சேர்த்தேன். சம்மதப் பெட்டியில் தானாக விழுந்திருந்த டிக்கையும் எடுத்தேன். 2018-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை, முன்கூட்டியே டிக் போட்ட பெட்டியைச் சம்மதமாகவே ஏற்பதில்லை.

ஆய்வு முடிந்து தரவை இறக்கினால், பாதியில் மூடிவிட்டுப் போனவர்களின் பதில்களையும் தளம் சேமித்து வைத்திருந்தது. மொத்தம் 61. பலர் கடைசி இரண்டு கேள்விகளை மட்டுமே விட்டிருந்தார்கள். என் வழிகாட்டிக்கு அவற்றை விட மனசே வரவில்லை. 'மறதியா மூடியிருப்பாங்கப்பா' என்றார். இருக்கலாம். ஒப்புதல் பக்கத்தைத் திறந்து அந்த வாக்கியத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'சரி, அழி' என்றார்.