வெலிங்டனில் மிலிட்டரி குக் வேலை எனக்குக் கிடைத்த விதம்

நீலகிரி வெலிங்டனில், ராணுவ முகாம் பக்கத்து பேரக்ஸ் ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, "அண்ணா, உள்ளே சமையல் வேலைக்கு எப்படிப் போறது?" என்று தம்பிகள் கேட்கிறார்கள். பஸ் வருவதற்குள் பாதிதான் சொல்ல முடிகிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. நான் யூனிஃபார்ம் போட்ட குக் இல்லை. அதற்கு அக்னிவீர் டிரேட்ஸ்மேனாக, அதாவது ராணுவத்திலேயே சமையல் போன்ற கைவேலைக்குச் சேரும் வீரராகப் போக வேண்டும், ஓட்டம், உடல்தகுதி எல்லாம் உண்டு. நான் சிவிலியன் குக். மத்திய அரசு குரூப் சி வேலை, சம்பளப் படிநிலை லெவல் 2, அடிப்படைச் சம்பளம் 19,900. பத்தாவது பாஸ், இந்தியச் சமையல் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் தகுதி. பொதுப்பிரிவுக்கு வயது 25 வரை, ஓபிசிக்கு (மத்திய அரசுப் பட்டியலில் உள்ள இதர பிற்படுத்தப்பட்டோருக்கு) 28 வரை.

எனக்கு அப்போது 26 முடிந்திருந்தது, அதனால் ஓபிசி சலுகையில்தான் போக முடியும். முதல் தடவை வேறொரு இடத்துக்கு விண்ணப்பித்தபோது பள்ளிக்கூடத்தில் வாங்கி வைத்திருந்த பி.சி. சான்றிதழையே இணைத்துவிட்டேன், நிராகரித்துவிட்டார்கள். மாநில அரசின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் இதற்குச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு அலைந்தால் நேரம் போதாது, இப்போதே வாங்கி வையுங்கள்.

எழுத்துத் தேர்வில் ரீசனிங், கணக்கு, ஆங்கிலம், பொது அறிவு. தரவரிசை இந்த மதிப்பெண்ணில்தான், டிரேட் டெஸ்ட்டில், அதாவது சமைத்துக் காட்டும் தேர்வில் தேறினால் போதும். குரூப் சி வேலைகளுக்கு 2016-இலிருந்து நேர்முகத் தேர்வே கிடையாது, அதனால் "இன்டர்வியூவில் பார்த்துக்கலாம், பணம் ரெடி பண்ணு" என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள், எங்கள் ஊரிலேயே நகையை அடகு வைத்துக் கொடுத்துவிட்டு நிற்கிற குடும்பம் இருக்கிறது.

சரி, டிரேட் டெஸ்ட். கல்யாணச் சமையலில் எட்டு வருஷம் நின்றவன் நான், முன்னூறு பேருக்குச் சாம்பார் கண்ணை மூடிக்கொண்டு வைப்பேன், ஆனால் சப்பாத்தி வராது. அருவங்காட்டில் பக்கத்து வீட்டு மாமா ராணுவ லங்கரில் (வீரர்களுக்கான பொதுச் சமையலறையில்) சமைத்து ஓய்வு பெற்றவர். நான் மாவு பிசைவதைப் பார்த்துவிட்டு, "டேய், உனக்குப் பரோட்டா கை. அடிக்காதே, தடவிக் கொடு" என்றார். மார்கழிக் குளிரில் பச்சைத்தண்ணீர் விட்டுப் பிசைந்தால் மாவு கல் மாதிரி இறுகிவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், ஈரத்துணி போட்டு அரை மணி நேரம், அப்புறம் தேய்க்கும்போது எல்லா இடமும் ஒரே கனமாக இருக்க வேண்டும், ஓரம் மெல்லியதாகவும் நடு தடிமனாகவும் ஆகக் கூடாது. கனம் மாறினால் நெருப்பில் காட்டும்போது ஒரு பக்கம் மட்டும் கொப்புளம் கிளம்பி, மறுபக்கம் அப்பளம்போல் விறைத்துவிடும். இரண்டு மாதம் எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடே சப்பாத்திதான், அம்மா முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்கள்.

ராஜ்மாவும் அவர் சொல்லித்தந்ததுதான். இங்கே சுமார் 1,850 மீட்டர் உயரம், தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் வைத்தால் தோல் வெந்து நடுவில் மாவாகக் கடிபடும். முந்தின ராத்திரியே ஊறப்போட்டு, குக்கரில் கீழ்நாட்டில் விடுவதைவிட இரண்டு விசில் கூட விட வேண்டும்.

டெஸ்ட்டில் எங்களுக்குச் சாதம், பருப்பு, ஒரு சப்ஜி, சப்பாத்தி. சமைத்துக்கொண்டிருக்கும்போதே கேள்விகள் வந்தன. நூறு பேருக்கு ஆளுக்கு நாலு சப்பாத்தி என்றால் ஆட்டா எவ்வளவு? கிலோவுக்கு முப்பது என்று கணக்குப்போட்டு, பதின்மூன்றரை கிலோ என்றேன். எண்ணெய் தீப்பிடித்தால்? அடுப்பை அணைத்து மூடி போட்டு மூட வேண்டும், தண்ணீர் ஊற்றவே கூடாது. கேட்டவர் பதில் சொல்லாமல் என் தவாவிலிருந்து ஒரு சப்பாத்தியை எடுத்து இரண்டாகக் கிழித்தார். உள்ளே ஆவி வந்தது. தட்டில் வைத்துவிட்டு அடுத்த அடுப்புக்குப் போய்விட்டார்.

மெடிக்கல், போலீஸ் வெரிஃபிகேஷன் முடிந்து ஆர்டர் தபாலில் வந்தது. முதல் நாள் விடிவதற்கு முன்னால் கிளம்பியபோது புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாக இருந்தது, மாமா கதவைத் திறந்து, "நகம் வெட்டினாயா?" என்று மட்டும் கேட்டார்.