சேர் கெடக்கு

"சேர் கெடக்கு மேடம்."

ஜவுளிக்கடையில் வேலை செய்யும் அந்தப் பிள்ளை சொன்னது இவ்வளவுதான். உட்காருகிறோம் என்று சொல்லவில்லை, விடமாட்டேங்கிறாங்க என்றும் சொல்லவில்லை. நம்ம பக்கம் 'கெடக்கு' என்றால் இருக்கிறது என்றும் அர்த்தம், சும்மா கிடக்கிறது என்றும் அர்த்தம். எதைச் சொன்னது என்று அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது. புரியாதது போலத் தலையாட்டினேன்.

பாளையங்கோட்டையில் கடை நடத்துகிறவர்களுக்கும் உள்ளாட்சி அலுவலர்களுக்கும் நான் எடுத்த சமத்துவப் பயிற்சிக்கு வந்தவர்தான் அந்த ஜவுளிக்கடை மேனேஜர். கருத்தாகக் குறிப்பெடுத்தவர். கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் 22-அ பிரிவைச் சேர்த்ததையும், ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே ஓய்வு கிடைத்தால் உட்கார முடியவேண்டும் என்று அது சொல்வதையும் விளக்கினேன். கேரளத்தில் 2018-லேயே இது வந்துவிட்டது, கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் போராடித்தான் வந்தது என்றும் சொன்னேன். இரண்டு மாதம் கழித்து போன் வந்தது: "நீங்க சொன்னதச் செஞ்சாச்சு மேடம். ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க."

போனேன். சேலை செக்‌ஷனில் நாலு ஸ்டூல். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. ஒன்றின் மேல் பிளவுஸ் பிட் பெட்டிகள். மேனேஜர் அவற்றைச் சட்டென்று இறக்கி வைத்து, "உக்காருங்க மேடம்" என்றார். உட்கார்ந்தேன். உறை நொறுநொறுத்தது. டீ வந்தது. அந்தப் பிள்ளை எதிரே ஒரு காலில் பாரத்தைப் போட்டு நின்றது, கொஞ்ச நேரத்தில் மறுகாலுக்கு மாற்றியது. கணுக்கால் வீங்கிக் கொலுசு சதையில் பதிந்திருந்தது. மானூரிலிருந்து பஸ்ஸில் வருகிறதாம். அவளுக்கென்று போட்ட ஸ்டூலில் நான் இருந்துகொண்டே, மேனேஜர் பக்கத்தில் நிற்கும்போதே, "உக்காருதீங்களாம்மா?" என்று கேட்டேன்.

பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பற்றி வகுப்பெடுக்கும்போது நான் அழுத்திச் சொல்வது ஒன்று உண்டு. 10 பேர் வேலை செய்தாலே உள்ளகப் புகார்க் குழு வேண்டும், அதில் பாதிப் பேராவது பெண்கள், ஒருவர் வெளியாள். வெளியாள் எதற்கு? சம்பளம் வாங்குகிற இடத்தில் வாயைத் திறக்க முடியாதவர்களுக்காக. அன்றைக்கு அந்தக் கடையில் வெளியாள் நான்தான்.

துருவிக் கேட்டிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? நான் ஆட்டோ பிடித்துப் போய்விடுவேன். மறுநாள் காலையில் அதே மேனேஜர் முன்னால் போய் நிற்க வேண்டியது அவள். நாலு ஸ்டூல் வாங்கிப் போட்ட ஒரே மனிதரை ஆட்கள் முன்னால் மடக்கினால் அடுத்த பயிற்சிக்கு எந்தக் கடைக்காரர் வருவார்? இதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் இதில் ஒன்றையும் நான் யோசிக்கவில்லை. டீ ஆறுகிறதே என்றுதான் இருந்தது.

எழுந்து, "நீ இரும்மா" என்று சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிடம் எனக்காக உட்கார்ந்திருப்பாள், உடம்பு கூசியபடி. அதுவும் நல்லதென்று தோன்றவில்லை. தனியாகக் கூப்பிட்டுப் பேசலாமென்றால் மூலைக்கு மூலை கேமரா. எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் எழுந்திருக்காமல் இருந்ததற்கு மட்டும் காரணம் கிடைக்கமாட்டேன் என்கிறது.

அடுத்த பயிற்சியில் அந்த ஸ்டூல்களின் படத்தைப் போட்டு, "நம்ம ஊரிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது" என்றேன். முன்வரிசையில் இருந்த ஒரு நகராட்சி அலுவலர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

தீபாவளிக்குத் துணியெடுக்க அந்தக் கடைக்கே போனேன். சேலை செக்‌ஷனில் வேறு பெண் நின்றிருந்தாள். அந்தப் பிள்ளைக்கு லீவாக இருக்கலாம், வேறு மாடிக்கு மாற்றியிருக்கலாம். கேட்க வாயெடுத்தபோது தூரத்திலிருந்து மேனேஜர் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.