ஒரு செப்பு வளையம் தின்ற ஏழு மாதம்

போன வாரம் எங்கள் ருபீடியம் அணுக்கள் போஸ்-ஐன்ஸ்டைன் செறிபொருளாக, அதாவது கடுங்குளிரில் எல்லா அணுவும் ஒரே குவாண்டம் நிலையில் சேர்ந்து நிற்கும் பொருளாக மாறின. ஆய்வில் சேர்ந்து ஐந்தாம் ஆண்டு இது. இதில் ஏழு மாதம் வீணாகப் போனது. லேசர் குளிர்விப்பின் கோட்பாட்டை எந்தப் பாடநூலும் சொல்லித்தரும். செப்பு கேஸ்கெட்டைப் பற்றி என்னிடம் யாரும் சொல்லவில்லை.

வெற்றிட அறையின் பகுதிகளை இணைக்கும் இரண்டு ஃபிளாஞ்சுகளுக்கு (விளிம்புத் தட்டுகளுக்கு) நடுவே வைக்கும் வளையம் அது. போல்ட்டை இறுக்க இறுக்க, இரு பக்கத்து எஃகு விளிம்பும் கத்திபோலச் செம்புக்குள் இறங்கி வழியை அடைத்துவிடும். ஒருமுறை பதிந்த தடத்தில் விளிம்பு மறுமுறை சரியாக உட்காராது. கழற்றினால் புதிது போட வேண்டும். கொள்முதல் பிரிவில் இதை மூன்று முறை விளக்கினேன்.

"சென்ற ஆண்டு வாங்கிய வளையங்கள் உடைந்துவிட்டனவா?" என்று கேட்டார் எழுத்தர்.

"இல்லை."

"பிறகு எதற்குப் புதிது?" என்று படிவத்தைத் திருப்பித் தள்ளினார்.

ஆறு வாரம் அந்தப் படிவம் மேசைக்கு மேசை அலைந்தது. பொறுமை இழந்து, பார்வைக்கு நன்றாக இருந்த பழைய வளையம் ஒன்றை எடுத்து மாட்டினேன். அந்தத் தவறு என்னுடையது. ஆனாலும் அவர்மேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.

சுவரில் ஒட்டிய வாயுக்களை விரட்ட, அறையை 180 டிகிரி செல்சியஸில் பத்து நாள் சூடேற்றி ஆறவிட்டோம். அழுத்தம் 10⁻¹¹ மில்லிபாருக்கு இறங்க வேண்டும், 10⁻⁹-இலேயே நின்றுவிட்டது. எஃகிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறுகிறது, நாள் போனால் சரியாகிவிடும் என்று நம்பினேன். 780 நானோமீட்டர் லேசர்களின் அதிர்வெண்ணை நிலைநிறுத்தியதும், லேசரும் காந்தப்புலமும் சேர்ந்து அணுக்களைப் பிடிக்கும் காந்த-ஒளிப் பொறியில் அணுக்கள் திரண்டு ஒளிர்ந்தன. அங்கேதான் ஏமாந்தேன். அந்தப் பொறி மோசமான வெற்றிடத்தையும் பொறுத்துக்கொள்ளும். லேசரை அணைத்து, காந்தப்புலம் மட்டுமே பிடித்துவைக்கும் காந்தப் பொறிக்கு மாற்றியதும் நான்கைந்து நொடியில் பெரும்பாலான அணுக்கள் காணாமல் போயின. மிச்ச வாயு மூலக்கூறு ஒன்று மோதினாலே போதும், அணு வெளியேறிவிடும். சூடான அணுக்களை வெளியேற்றி மிச்சத்தைக் குளிரவைக்கும் ஆவியாதல் குளிர்விப்புக்கோ எங்களுக்கு 20 நொடி வேண்டும். கம்பிச்சுருள், மின்வழங்கி, ஒளியின் முனைவாக்கம் என்று நான்கு மாதம் குற்றமற்றவற்றையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன். உங்கள் பொறியின் ஆயுள் குறைவாக இருந்தால் முதலில் வெற்றிடத்தைச் சந்தேகியுங்கள்.

கசிவு தேடுவதிலும் அடி வாங்கினேன். இணைப்புகளின் மேல் ஹீலியத்தை ஊதி, உள்ளே நிறை 4, அதாவது ஹீலியம், கூடுகிறதா என்று பார்ப்பதுதான் வழி. நான் கீழேயிருந்து தொடங்கினேன். ஹீலியம் மேலே ஏறும் என்பது தெரிந்தும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. கீழ்ச் சன்னலை ஊதிக்கொண்டிருந்தபோது அளவி துள்ளியது. அந்தச் சன்னலோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். உச்சியிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். ஒவ்வொரு இணைப்பையும் பிளாஸ்டிக் பையால் சுற்றி, அதற்குள் ஹீலியத்தை விடுங்கள். அப்படிச் செய்தபோது அந்தப் பழைய வளையம் மூன்றே நொடியில் காட்டிக்கொடுத்தது.

அறைக்குள் உலர் நைட்ரஜனை நிரப்பித் திறந்தோம். வளையத்தை உருப்பெருக்கியின் கீழ் வைத்தேன். பழைய தடமும் புதிய தடமும் ஓரிடத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்தன. முடியைவிட மெல்லிய கீறல். அவ்வளவுதான்.

பக்கத்து ஆய்வகத்தில் இரண்டு கேஸ்கெட் கடன் கேட்டேன். பத்து நிமிடத்தில் கிடைத்தன. முன்பே கேட்டிருக்கலாம். கொள்முதல் படிவத்தில் "உபகரணம்" என்ற தலைப்பை அடித்துவிட்டு "நுகர்பொருள், ஒருமுறைப் பயன்பாடு" என்று எழுதிக் கொடுத்தேன். அதே எழுத்தர் அன்றே கையெழுத்திட்டார். இந்த இரண்டு சொற்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபடி சூடேற்றியதும் அழுத்தம் இறங்கியது. அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1995-இல் இயற்பியலாளர்கள் கார்னெலும் வீமனும் ஏறத்தாழ 170 நானோகெல்வினில் செறிபொருளாக்கிய அதே ருபீடியம்-87. சூடான அணுக்களை வெளியேற்றும் ரேடியோ அதிர்வெண்ணைப் படிப்படியாகக் குறைத்து வந்தேன். நள்ளிரவு தாண்டி, மங்கிய அணுமேகத்தின் நடுவே கூர்மையான ஒரு முகடு எழுந்தது. ஏழு முறை படமெடுத்தேன்; ஏழிலும் இருந்தது. நெறியாளரைத் தொலைபேசியில் எழுப்பினேன்.

"பொறியை அணைத்து விரியவிட்டுப் பார்த்தாயா? மேகத்தின் நீளவாட்டம் திரும்புகிறதா?" என்று கேட்டார். செறிபொருளுக்கு அதுதான் அடையாளம்.

"திரும்புகிறது, சார்" என்றேன்.

"தொடாதே. வருகிறேன்."