எலுமிச்சை பிழிந்தால் போதுமாம்

ஹூஸ்டன் பழகிவிட்டது என்று ஊருக்குப் போன் போடும்போதெல்லாம் அளப்பேன். ஒருநாள் ஆபீஸ்காரர்களோடு கால்வெஸ்டன் கடற்கரைக்குச் சாப்பிடப் போனேன். ஐஸ் பரப்பிய தட்டில் ஓட்டைப் பிளந்து வைத்த சிப்பிகள் வந்தன. பச்சையாக. எதிரில் இருந்தவர் எலுமிச்சை பிழிந்து, கார சாஸ் இரண்டு சொட்டு விட்டு, ஓட்டை வாயில் சாய்த்து அப்படியே இறக்கினார். மெல்லக்கூட இல்லை.

சேலத்துக்காரனுக்கு மீன் என்றால் மேட்டூர் டேம் மீன்தான். ஆடிப்பெருக்குக்குப் போனால் காவிரியில் முங்கி எழுந்து, முறுக வறுத்த மீன் தின்னாமல் பஸ் ஏறியதில்லை. அதற்காக ஓடு போட்டதைத் தொடாதவர்கள் என்றில்லை. வயல் நத்தையை அம்மாயி மஞ்சள் போட்டுக் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, ஊசியால் சதையை நோண்டி எடுத்து, கழுவு கழுவென்று கழுவி, மறுபடியும் வேகவைக்கும். சளி பிடித்தால் நண்டை இடித்து ரசம், அதுவும் தளதளவென்று. "அடுப்புல வேகாதது வயித்துல வெந்துருமா?" என்று கேட்கும்.

மெனுவின் அடியில் பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருந்தது. பச்சைச் சிப்பியால் கடும் நோய் வரலாம், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் ஜாக்கிரதை. சொல்லிவிட்டு விற்கிறார்கள், சரி. ஆனால் எலுமிச்சையும் காரமும் பீரும் சேர்ந்து கிருமியைக் கொன்றுவிடும் என்று மேஜையே சத்தியம் செய்ததே, அதைத்தான் தாங்க முடியவில்லை. சாகாது. ஐஸும் கொல்லாது, பெருகுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

வளர்ந்த சிப்பி ஒன்று நாளைக்கு 190 லிட்டர் வரை தண்ணீரை வடிகட்டித் தின்னும். கடலில் இருக்கும் விப்ரியோ பாக்டீரியா அதன் உடம்பில் சேர்ந்துவிடும். தண்ணீர் சூடேறும் மே முதல் அக்டோபர் வரை இது அதிகம். நாற்றமோ நிறமோ ருசியோ மாறாது. செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்கும் நம் வித்தை இங்கே பலிக்காது. விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற வகை தொற்றினால் ஐந்தில் ஒருவர் பிழைப்பதில்லை, சிலர் ஓரிரு நாளிலேயே. சர்க்கரை நோயாளிக்கும், அமிலம் குறைக்க மாத்திரை போடுகிறவருக்கும் ஆபத்து கூடுதல்.

எங்கள் அப்பாவுக்கு இரண்டும் உண்டு. இங்கே வந்திருந்தபோது, "உங்க ஊரு ஆளுங்க இவ்ளோ பேரு திங்கிறாங்களேடா, ஒண்ணே ஒண்ணு" என்று அடம். மல்கோவா சீசனில் சர்க்கரையை மறந்துபோகும் அதே முகம்.

வீட்டிலேயே செய்து தருகிறேன் என்று சமாதானப்படுத்தினேன். வாய் பிளந்த சிப்பியைத் தட்டிப் பார்த்தால் மூடிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் குப்பைக்கு. கையில் கீறல் இருந்தாலும் கிருமி அது வழியாக ஏறும் என்பதால் கையுறை. கொதிநீரில் ஓடு திறந்த பிறகும் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் விட வேண்டும், கடைசிவரை திறக்காததையும் தூக்கிப் போட வேண்டும். அப்புறம் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, அப்பா கொண்டுவந்த ஏற்காட்டு மிளகு.

ஏழெட்டு தின்றுவிட்டு, "ரப்பர் மாதிரி இருக்குது, மொளகு நல்லாருக்குது" என்றார். அந்த மிளகு டப்பாவில் அடிதட்டிவிட்டது. சேலத்திலிருந்து அடுத்து யார் வருகிறார்கள் என்று வாட்ஸப் குரூப்பில் கேட்டிருக்கிறேன்.