வோட்கா என்று நம்பியவர்கள்

நேற்று இரவு ஒரு பழைய ஆய்வுக் கட்டுரையைப் பாதி வரை படித்துவிட்டுத் தூங்கலாம் என்று உட்கார்ந்தேன். தூக்கம் போனதுதான் மிச்சம்.

1973-இல் ஆலன் மார்லட் என்ற உளவியலாளரும் கூட இருவரும் வெளியிட்டது. முதல் மடக்கு உள்ளே போய்விட்டால் குடிநோயாளியால் நிறுத்தவே முடியாது என்பார்களே, அது சாராயத்தின் வேலையா, மனதின் வேலையா என்று பார்க்க நினைத்தார்கள். 32 குடிநோயாளிகள், 32 அளவாகக் குடிப்பவர்கள். சுவைக்கு மதிப்பெண் போடும் வேலை என்று சொல்லி அழைத்தார்கள். பாதிப் பேரிடம் வோட்கா கலந்தது என்றார்கள், மீதிப் பேரிடம் வெறும் டானிக் நீர் (சாராயம் இல்லாத கசப்புச் சோடா) என்றார்கள். இரண்டு பக்கத்திலும் பாதிப் பேருக்குச் சொன்னது பொய்!

அதிகம் குடித்தது யார்? வோட்கா என்று நம்பியவர்கள். கோப்பையில் வெறும் டானிக் இருந்தபோதும் அப்படித்தான். குடிநோயாளிகளிடமும் இதே கதை.

உடனே 'எல்லாம் மனசுதான், நினைத்தால் விட்டுவிடலாம்' என்று யாரும் பின்னூட்டம் போட வேண்டாம். இது சில நிமிடச் சோதனை, அவ்வளவுதான். பல வருடம் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரும், உயிரும் போகலாம். மருத்துவர் துணை கட்டாயம் வேண்டும். குடிக்கும் ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் மாதிரி மருந்துகளும் இருக்கின்றன. அமெரிக்காவில் 1994-லேயே குடிநோய்க்கு அதை அனுமதித்துவிட்டார்கள்.

ஆனாலும் அந்த வெறும் டானிக் கோப்பைதான் காலையிலிருந்து மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது.