செயலைத் தளிர்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் நகரத்தை அடுத்த செம்பனைத் தோட்டங்களைக் கடந்து, மலையடிவார ஓடைக்கரையில் இருக்கும் முருகன் கோயிலுக்கு மாசிக் கிருத்திகையன்று சென்றிருந்தேன். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய எங்கள் தாத்தா காலத்தவர் தகரக்கூரை வேய்ந்து எழுப்பிய சிறு கோயில் அது. மூலவராக ஒரு வேல் மட்டுமே நட்டிருக்கிறார்கள். சிறுவயது முதல் போய்வந்தும், ஓடையின்மேல் சாய்ந்து நிற்கும் ஒரு மரம் அடிமரத்திலிருந்தே மஞ்சட் பூங்கொத்துகளைத் தள்ளியிருந்ததை அன்றுதான் நின்று பார்த்தேன்.

பூசாரி அதைக் காட்டுப்பூ என்றார். மலாய்க்காரர்கள் காப்பிஸ் என்பார்கள். உதிர்ந்த கொத்தொன்றை எடுத்துப் பார்த்தபோது, இதழ் என்று நான் எண்ணியது இதழன்று, குழலாய் நீண்டு நுனியில் நான்காகப் பிரிந்த புல்லிவட்டம் என்பதும், அதன் நடுவே செம்புள்ளி இருப்பதும் தெரிந்தன. முற்றிய இலைகள் விறைப்பாக நிற்க, புதுத் தளிர்கள் மட்டும் வெளிறிய செந்நிறத்தில், நனைந்த துணிபோலத் துவண்டு தொங்கின. ஐயமே இல்லை, பேராக்கின் தைப்பிங் நகரத்தைத் தன் தாவரவியல் பெயரிலேயே தாங்கிய சராக்கா தைப்பிங்கென்சிஸ் அது. சீதாபிராட்டி அமர்ந்திருந்த வனத்து அசோகின் உடன்பிறப்பு.

நம் பள்ளி வளாகங்களில் அசோக மரம் என்று சொல்லி வளர்ப்பது பெரும்பாலும் நெட்டிலிங்கம். அது சீத்தாப்பழக் குடும்பத்தைச் சேர்ந்தது. உண்மை அசோகோ புளியமரத்துக்கு உறவு. அதன் பூ செம்மஞ்சளாய் மலர்ந்து சிவக்கும். தளிரோ இதைப்போலவே துவளும். அசோகுக்குப் பிண்டி என்றும் செயலை என்றும் தமிழில் பழம்பெயர்கள் உண்டு. குன்றுதோறாடும் முருகனைத் திருமுருகாற்றுப்படை, செயலையின் குளிர்ந்த தளிர் அசையும் காதுகளை உடையவனாகக் காட்டுகிறது. தளிர் ஏன் காதணியாகும் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. நிமிர்ந்து நிற்கும் தளிர் காதில் அசையாது. இப்படித் துவளும் தளிரே குழைபோல ஆடும் என்பது அந்த ஓடைக்கரையில்தான் எனக்கு விளங்கியது.

பூசாரியிடம் இதைச் சொன்னேன். சற்று நேரம் மரத்தையே பார்த்திருந்தவர், "இத்தனை வருசமா செவ்வந்திய டவுனுல வாங்கியாறேன் தம்பி" என்றார். பிறகு தாழ்ந்த கிளையில் இரண்டே தளிர்க்கொத்துகளைக் கிள்ளி ஓடை நீரில் அலசிக் கொண்டுவந்து, காதுகள் இருந்தால் எங்கே இருக்குமோ அங்கே, வேலின் இருபுறமும் கட்டிவிட்டுத் தீபாராதனைக்கு மணியடித்தார்.